ஒரு படம் போதாது: பிள்ளைகளின் பரம்பரை எலும்புக் கோளாறுகளை எக்ஸ்ரே மூலம் கண்டறியும் முறை

பிள்ளையின் முழங்கால் வலித்தால் முழங்காலைப் படம் எடுக்கிறோம். கை முறிந்தால் கையைப் படம் எடுக்கிறோம். அன்றாட நோய்களுக்கு அது போதும். ஆனால் எலும்பு உருவாகும் விதத்திலேயே பிறவிப் பிழை உள்ள பிள்ளைக்கு, இப்படித் துண்டு துண்டாக எடுக்கப்படும் படங்கள் வருடக்கணக்கில் உறைக்குள் சேர்ந்துகொண்டே போகுமேயன்றி நோயின் பெயரைச் சொல்லமாட்டா. திருகோணமலை மாவட்டத்தின் பல்வேறு வைத்தியசாலைகளில் பணியாற்றும் இளம் வைத்தியர்களுக்கும் எக்ஸ்ரே எடுப்பவர்களுக்கும் உதவும் என்று நம்பி இதை எழுதுகிறேன். பிள்ளையின் எக்ஸ்ரே உறையைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து யாரிடம் போவது என்று தெரியாமல் நிற்கும் பெற்றோரும் இதை வாசிக்கலாம். அவர்கள் செய்யக்கூடியவையும் இதில் உண்டு.

2023ஆம் ஆண்டின் சர்வதேச வகைப்பாட்டில் 771 மரபுவழி எலும்புக் கோளாறுகள் 41 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, 552 மரபணுக்களோடு தொடர்புபடுத்தப்பட்டுள்ளன. இவற்றை மனனம் செய்ய எவராலும் முடியாது, தேவையும் இல்லை. சந்தேகிப்பதும், முழு எலும்புக்கூட்டையும் உரிய வயதில் ஒருமுறை ஒழுங்காகப் படம் எடுப்பதும், கண்டதைக் கண்டவாறே எழுதி அனுப்புவதுமே மாவட்ட மட்டத்தில் நம்முடைய வேலை. பெயர் சூட்டுவதைப் பெரும்பாலும் வேறொருவர் செய்வார். ஆனால் அவர் எதைக் கொண்டு பெயர் சூட்டுவார் என்பது நம் கையில் இருக்கிறது.

சந்தேகம் எங்கே தொடங்க வேண்டும்

அளவு நாடாவில் தொடங்க வேண்டும். பிள்ளை குள்ளம் என்று எழுதுவதோடு நிறுத்திவிடாமல், உடம்பின் எந்தப் பகுதி குள்ளம் என்று பார்க்க வேண்டும். அடிவயிற்றின் கீழே, இடுப்பு வளையத்தின் முன் எலும்பு கையில் தட்டுப்படும் இடத்திலிருந்து குதிகால் வரை அளந்தால் அது உடம்பின் கீழ்ப்பகுதி; மொத்த உயரத்திலிருந்து அதைக் கழித்தால் மேற்பகுதி. மேற்பகுதியைக் கீழ்ப்பகுதியால் வகுத்தால், பிறந்த குழந்தையில் சுமார் 1.7 ஆகவும், 3 வயதில் சுமார் 1.3 ஆகவும், 10 வயதளவில் சுமார் 1 ஆகவும் விடை வரும். விடை வயதுக்கு மிஞ்சி இருந்தால் கைகால்கள் குறுகியிருக்கின்றன. குறைந்து இருந்தால் முள்ளந்தண்டு குறுகியிருக்கிறது. இரண்டு நிமிட வேலைதான் இது. எந்த இயந்திரமும் இல்லாமலேயே தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும். பிறந்த நாளிலிருந்து நிறையும் உயரமும் குறிக்கப்பட்டுவரும் சுகாதாரக் கொப்பியையும் திறந்து பாருங்கள். வளர்ச்சிக் கோடு எந்த மாதத்தில் சரியத் தொடங்கியது என்பது அதில் இருக்கும்.

சிறு தடுக்கலுக்கே மீண்டும் மீண்டும் எலும்பு முறிவது, கண்ணின் வெண்படலம் நீலம் பாய்ந்திருப்பது, 2 வயதைக் கடந்தும் நேராகாமல் மேலும் வளையும் கால்கள், பிறக்கும்போதே குட்டையாகவும் உள்நோக்கி வளைந்தும் உள்ள கால் பெருவிரல் ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன பெருவிரலைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. அத்தகைய விரல்களோடு பிறந்த பிள்ளைக்கு முதுகிலோ கழுத்திலோ கட்டிகள் தோன்றினால், தசையே எலும்பாக மாறும் எஃப்.ஓ.பி. என்ற நோயாக அது இருக்கலாம். கட்டியை வெட்டிப் பரிசோதிப்பதும் தசையில் ஊசி போடுவதும் அந்நோயைத் தூண்டிவிடும். முதலில் இரு பாதங்களையும் படம் எடுங்கள், கத்தி வேண்டாம்.

குடும்பத்தைப் பற்றிக் கேட்பதற்கு நேரம் ஒதுக்க வேண்டும். நமது மாவட்டத்தில் தமிழ்க் குடும்பங்களிலும் முஸ்லிம் குடும்பங்களிலும் மச்சான் மச்சாள் திருமணம் வழக்கமானது. அதைக் குற்றம் சாட்டும் தொனியில் கேட்டால் உண்மை வராது. மூன்று தலைமுறையைத் தாளில் வரைந்தபடி, ஒவ்வொருவரின் உயரத்தையும் நடையையும் பற்றிப் பேச்சோடு பேச்சாகக் கேட்க வேண்டும். தாயும் தந்தையும் ஒரே மரபணுவில் பிழையைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளை பாதிக்கப்பட 4இல் 1 பங்கு வாய்ப்பு உண்டு. மறுபுறம், குடும்பத்தில் எவருக்கும் இல்லை என்பதால் பரம்பரை நோய் இல்லை என்றும் முடிவு கட்டக்கூடாது. கைகால்கள் குறுகிக் குள்ளமாக வளரும் கோளாறான, சுமார் 25,000 பிறப்புகளில் ஒன்றில் காணப்படும் அக்கொண்ட்ரோபிளேசியாவில் 100இல் 80 பிள்ளைகள் சாதாரண உயரமுள்ள பெற்றோருக்கே பிறக்கின்றன. மரபணு மாற்றம் அந்தப் பிள்ளையிலேயே புதிதாக நிகழ்ந்திருக்கிறது.

மூதூரிலிருந்து வந்த 7 வயதுச் சிறுமி ஒருத்தியை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். விரல் மூட்டுகள் வீங்கியிருக்கின்றன, காலையில் நடக்கச் சிரமப்படுகிறாள் என்று இரண்டு வருடமாக மூட்டழற்சிக்கு மருந்து கொடுக்கப்பட்டு வந்தது. அதில் ஸ்டீரொயிட்டும் இருந்தது. அவளுடைய விரல்களை நான் தொட்டுப் பார்த்தபோது அங்கே சூடும் இல்லை, மெத்தென்ற வீக்கமும் இல்லை. எலும்பே தடித்திருந்தது. இரத்தப் பரிசோதனைகளில் அழற்சிக்கான அறிகுறி ஒருபோதும் இருந்ததில்லை. தாள் முழுவதும் உறவுகளை வரைந்து முடித்த பின்னர்தான் தாய் சொன்னார்: "எங்கட சின்ன மாமிக்கும் விரல் இப்பிடித்தான், டொக்டர்." அந்தச் சின்ன மாமி 30 வயதுக்கு முன்பே இடுப்பு இறுகி நடக்க முடியாமல் போனவர், பெரிய மாமியின் மகனே சிறுமியின் தந்தை. அன்றுதான் முதல்முறையாக அவளுடைய முள்ளந்தண்டைப் பக்கவாட்டில் படம் எடுத்தோம். முள்ளெலும்புகள் தட்டையாகி, அவற்றின் முன் விளிம்புகள் அரித்தது போலிருந்தன. மூட்டழற்சி முள்ளெலும்புகளை அப்படித் தட்டையாக்குவதில்லை. மூட்டழற்சியைப் போலத் தோற்றமளித்துப் பிள்ளைகளைப் படிப்படியாக முடக்கும் புரோகிரசிவ் சூடோரூமற்றொயிட் டிஸ்பிளேசியா என்ற பரம்பரைக் கோளாறு அது. ஸ்டீரொயிட் அதற்குப் பயன்படாது. எலும்பை மேலும் பலவீனப்படுத்தும்.

படங்களை எடுப்பது

முழு எலும்புக்கூட்டையும் எடுப்பது என்றால், மண்டையோட்டை முன்னாலும் பக்கவாட்டிலும், கழுத்தைப் பக்கவாட்டில், விலா எலும்புகளும் காறை எலும்புகளும் தெரியுமாறு நெஞ்சை முன்னால், முதுகு மற்றும் இடுப்பு முள்ளெலும்புகளை முன்னாலும் பக்கவாட்டிலும், இடுப்பு வளையத்தை முன்னால், ஒரு பக்கத்துக் கையையும் காலையும் மூட்டுகளோடு, இறுதியாக இடது உள்ளங்கையைத் தனியாக எடுப்பதாகும். இரு பக்கமும் சமமாக இல்லாவிட்டால் மட்டும் மறுபக்கத்தையும் எடுக்க வேண்டும். இவற்றுள் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்ற நிலை வந்தால் நான் முள்ளந்தண்டின் பக்கவாட்டுப் படத்தைக் கேட்பேன். நடைமுறையில் அடிக்கடி விடுபடுவதும் அதுவே.

கைக்குழந்தை சிறிதாக இருக்கிறது என்பதற்காக உச்சி முதல் பாதம் வரை ஒரே பிலிமில் அடக்கிவிடும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். அப்படிப்பட்ட படத்தில் நெஞ்சுக்குச் சரியான வெளிச்சம் கைக்குச் சரியாக இராது. ஓரங்களில் எலும்பு நீண்டும் சரிந்தும் தெரியும். இடுப்பு வளையத்தைப் படம் எடுக்கும்போது அடிவயிற்றில் வைக்கப்படும் ஈயத் துண்டு, நாம் பார்க்க வேண்டிய எலும்பையே மறைத்துவிடுவதை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். பிள்ளையைப் பிடித்துக்கொள்ளத் தகப்பனை அழையுங்கள். அவருக்கு ஈய அங்கி அணிவியுங்கள். தாய் பிடிப்பதாயின், அவர் கர்ப்பமாக இல்லை என்பதை முதலில் கேட்டு உறுதி செய்யுங்கள். எலும்பு எளிதில் முறியும் பிள்ளையைக் கணுக்காலில் பிடித்துத் தூக்கவோ கையை இழுத்து நேராக்கவோ கூடாது. அந்தப் பிள்ளையை எப்படித் தூக்குவது என்று தாய்க்குத் தெரியும்; அவரிடமே கேளுங்கள்.

வயது மிக முக்கியமானது. பல கோளாறுகளின் அடையாளம், எலும்பின் முனையருகே அது நீள்வதற்குக் காரணமான குருத்தெலும்பு அடுக்கை, அதாவது வளர்ச்சித் தட்டைச் சுற்றியே இருக்கிறது. பருவமடைந்து அந்தத் தட்டுகள் மூடிய பின்னர் எஞ்சுவது தேய்ந்த மூட்டும் குள்ளமான உடம்பும் மட்டுமே, எந்த நோய் அதை உண்டாக்கியது என்பது அழிந்துபோகும். ஆகவே சந்தேகம் தோன்றிய அன்றே எடுங்கள், அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள். மாறாக, பிறந்த குழந்தையில் சில எலும்புகள் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும் என்பதையும் மறக்கலாகாது. தொடை எலும்பின் தலை சுமார் 3 முதல் 6 மாதத்தில்தான் படத்தில் தோன்றும். ஆனால் நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் முழங்காலில், தொடை எலும்பின் கீழ் முனையில் ஒரு சிறு வெண்புள்ளி பெரும்பாலும் தெரிய வேண்டும். அது இல்லையென்றால் முதலில் தைரொயிட் பரிசோதனைக்கு இரத்தம் எடுங்கள், ஏனெனில் தைரொயிட் குறைபாடு உடனே சிகிச்சை அளிக்கக்கூடியது.

உள்ளங்கைப் படத்தைக் கொண்டு எலும்பு வயதைக் கணிக்கும்போது ஒரு நிதானம் வேண்டும். நாம் ஒப்பிடப் பயன்படுத்துவது, அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்து வசதியான வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு 1950இல் தொகுக்கப்பட்ட படங்களை. தம்பலகாமத்துப் பிள்ளைக்கு அதில் ஒரு வருட வித்தியாசம் வந்தால் அது நோயாகாது.

கதிர்வீச்சைப் பற்றிப் பெற்றோர் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாக வரும் கதிர்வீச்சின் உலகச் சராசரி வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட், பெரியவர் ஒருவரின் நெஞ்சுப் படத்துக்கு ஏறத்தாழ 0.02 மில்லிசீவர்ட். புல்மோட்டைக் கடற்கரையின் கறுப்பு மணலில் இல்மனைட்டோடும் சிர்கோனோடும் தோரியம் கொண்ட மொனசைட்டும் கலந்திருப்பதை எடுத்துக்காட்டாகச் சொன்னால், கதிர்வீச்சு என்பது வைத்தியசாலைக்குள் மட்டும் இருக்கும் ஒன்றல்ல என்பது அவர்களுக்கு விளங்கும். ஆனால் தலைக்கான சி.டி. ஸ்கேன் சுமார் 2 மில்லிசீவர்ட் என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முழு எலும்புக்கூட்டுப் படங்களை ஒருமுறை சரியாக எடுப்பது, ஐந்து வருடத்தில் முப்பது அரைகுறைப் படங்களை எடுப்பதைவிடப் பிள்ளைக்கு எவ்வளவோ நல்லது.

படத்தை வாசிப்பது

நோயின் பெயரைத் தேடாதீர்கள். முதலில் இடத்தைத் தேடுங்கள். நீள எலும்பில் மூட்டைத் தொடும் முனை எபிபைசிஸ், வளர்ச்சித் தட்டை ஒட்டி விரியும் பகுதி மெட்டாபைசிஸ், நடுவிலுள்ள தண்டு டயபைசிஸ். இவற்றுள் எது வடிவம் கெட்டிருக்கிறது, முள்ளந்தண்டும் சேர்ந்திருக்கிறதா, எலும்பு வழமையைவிட அடர்த்தி குறைந்து மங்கியிருக்கிறதா அல்லது வெளுத்து அடர்ந்திருக்கிறதா என்ற கேள்விகளுக்கு எழுத்தில் விடை கொடுத்துவிட்டால், 771இலிருந்து சில பத்துக்கு இறங்கிவிடலாம். அதன் பின்னர், கைகால்களில் குறுகியிருப்பது உடம்பை ஒட்டிய புயமும் தொடையுமா, முழங்கையும் முழங்காலும் தாண்டிய நடுப்பகுதியா, விரல்களா என்று பாருங்கள்.

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். இடுப்பு முள்ளெலும்புகளின் முன்பக்கப் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டுங்கள். ஒவ்வொரு முள்ளெலும்பிலும் இரண்டு கண்களைப் போல வட்டங்கள் தெரியும். ஓர் அடிமட்டத்தை வைத்து, முதலாம் இடுப்பு முள்ளெலும்பில் அந்த இரு கண்களுக்கு இடையிலான தூரத்தை அளந்து, பின்னர் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி ஐந்தாவது வரை அளந்துகொண்டு செல்லுங்கள். ஏனைய பிள்ளைகளில் தூரம் கீழே போகப் போகக் கூடும், அக்கொண்ட்ரோபிளேசியாவில் குறையும். அதனோடு இடுப்பு வளையத்தின் இறக்கைகள் குட்டையாகவும் சதுரமாகவும் இருந்து, இடுப்பு மூட்டின் கூரை கிடையாகத் தட்டையாக இருந்தால், மரபணுப் பரிசோதனைக்கு முன்பே நீங்கள் உறுதியாகப் பேசலாம். எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்ற மரபணுவில் நிகழும் மாற்றமே இதற்குக் காரணம் என்பது 1994இல் கண்டறியப்பட்டது. இந்தக் குழந்தைகளில் மண்டையோட்டின் அடியில், முண்ணாண் வெளியேறும் துவாரம் குறுகியிருப்பதால் மூச்சுத் தடைப்படக்கூடும். முதல் வயதிலேயே தூக்கத்தில் மூச்சைக் கவனிப்பதும், தேவைப்படின் எம்.ஆர்.ஐ. எடுப்பதும் உயிர்காக்கும் காரியங்கள்.

பக்கவாட்டுப் படத்தில் முள்ளெலும்பின் முன்பக்கம் நாக்குப் போல நீண்டிருந்தால், அது எங்கிருந்து நீள்கிறது என்று பாருங்கள். நடுவிலிருந்து நீண்டால், உருகுவே நாட்டுக் குழந்தை வைத்தியர் லூயிஸ் மொர்க்கியோ 1929இல் விவரித்த நோயை நினைக்க வேண்டும். கீழ் மூலையிலிருந்து நீண்டால் ஹேர்லர் நோயை நினைக்க வேண்டும். இரண்டுமே, சிதைக்கப்படாத பொருள்கள் உடம்பில் தேங்கும் பரம்பரை நோய்கள். மொர்க்கியோ பிள்ளையின் அறிவு வளர்ச்சி பெரும்பாலும் குறைவற்றதாக இருக்கும். ஆனால் கழுத்தின் இரண்டாம் முள்ளெலும்பிலுள்ள பல் போன்ற முளை சரியாக வளர்ந்திராது. அந்தப் பிள்ளைக்கு மயக்கமருந்து கொடுக்க நேர்ந்தால், கழுத்தை முன்னும் பின்னும் மெதுவாகச் சாய்த்து எடுத்த படங்களை மயக்கமருந்து நிபுணர் பார்க்காமல் ஒருவரும் கழுத்தை வளைக்கக்கூடாது. இதை உறையின் மேலேயே சிவப்பு மையால் எழுதிவிடுங்கள்.

நமது கிளினிக்குகளில் அதிகமாகக் குழப்பம் தருவது, வளரும் எலும்பு மென்மையாகி வளையும் ரிக்கெட்ஸ்தான். மணிக்கட்டிலும் முழங்காலிலும் மெட்டாபைசிஸ் கிண்ணம் போலக் குழிந்து, விளிம்பு பிய்ந்த துணியைப் போல இருக்கும். உடனே வைட்டமின் டி குறைபாடு என்று எழுதி அதிக அளவில் கொடுக்கத் தொடங்குகிறோம். கொடுப்பதற்கு முன் இரத்தத்தில் கல்சியம், பொஸ்பேட், அல்கலைன் பொஸ்பட்டேஸ் என்ற நொதியம், வைட்டமின் டி ஆகியவற்றோடு சிறுநீரகத்தின் நிலையையும் பார்க்கும்படி மன்றாடிக் கேட்கிறேன். வைட்டமின் டி போதுமானதாக இருந்து பொஸ்பேட் மட்டும் குறைந்திருந்தால், சிறுநீரில் பொஸ்பேட்டை இழக்கும் பரம்பரை ரிக்கெட்ஸ் முதலில் நினைவுக்கு வர வேண்டும். அதற்குச் சாதாரண வைட்டமின் டி போதாது. வேறு சிகிச்சை உண்டு. அல்கலைன் பொஸ்பட்டேஸ் வழமையைவிடக் குறைந்திருந்தால் அது, அந்த நொதியம் குறைவதால் எலும்பு சரியாக இறுகாத ஹைப்போபொஸ்பட்டேசியா என்ற பரம்பரை நோயாக இருக்கலாம். அங்கே அதிக வைட்டமின் டி தீங்காகவே முடியும். எல்லாம் சரியாக இருந்தும் படம் மட்டும் ரிக்கெட்ஸ் போலத் தெரிந்தால், மெட்டாபைசிஸையே பாதிக்கும் பரம்பரைக் கோளாறுகளைத் தேட வேண்டும். உண்மையான வைட்டமின் குறைபாடாக இருந்தால், மருந்து தொடங்கிச் சுமார் மூன்று மாதத்துக்குள் மெட்டாபைசிஸின் ஓரத்தில் வெள்ளைக் கோடு ஒன்று தோன்றும். கோடு வரவில்லையென்றால் மருந்தின் அளவைக் கூட்டாதீர்கள், நோயைப் பற்றிய உங்கள் முடிவை மீளப் பாருங்கள்.

எளிதில் முறியும் எலும்புகளில், மண்டையோட்டின் பின்பகுதியில் கல் பதித்ததைப் போன்ற சிறு எலும்புத் துண்டுகள் பத்துக்கு மேல் தெரிந்தால், எலும்பு பிறவியிலேயே நொறுங்கும் தன்மையுள்ள ஒஸ்டியோஜெனசிஸ் இம்பெர்ஃபெக்டாவை நினையுங்கள். முறிவு நெரிவு பார்க்கும் பரியாரியாரிடம் பல முறை கட்டுப்போட்டுவிட்டு வரும் பிள்ளையின் பழைய முறிவுகளைப் படத்தில் எண்ணிப் பார்த்தால், தாயின் கணக்கைவிட அதிகமாக இருக்கலாம். பிள்ளையை யாராவது அடித்திருக்கிறார்களா என்ற கேள்வி எழும் இடமும் இதுவே. ஒரே படத்தை வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பிள்ளையின் பாதுகாப்பையும் உறுதி செய்துகொண்டு, முழு எலும்புக்கூட்டையும் கதிரியக்கவியல் நிபுணரிடம் காட்டுங்கள். எலும்புகள் சுண்ணாம்புக் கட்டிபோல வெளுத்து, எலும்புக்குள் எலும்பு தெரிந்தால் அது ஹம்பர்க் நகரக் கதிரியக்க வைத்தியர் அல்பர்ஸ்-ஷோன்பர்க் 1904இல் விவரித்த ஒஸ்டியோபெட்ரோசிஸாக இருக்கலாம். கைக்குழந்தையில் கண்டால் அன்றே தொலைபேசியை எடுங்கள்: எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சைக்குக் காலம் குறுகியது.

பிறப்பதற்கு முன்னும், பிறவாமல் போனாலும்

கர்ப்ப காலத்தில் 18 முதல் 22 வாரத்தில் செய்யும் ஸ்கேனில் தொடை எலும்பு மிகக் குறுகியும் நெஞ்சு ஒடுங்கியும் இருந்தால் கடுமையான கோளாறை அஞ்ச வேண்டும். பிறந்த பின்னர் மூச்சுவிட முடியுமா என்பதை நெஞ்சின் அளவே தீர்மானிக்கிறது. ஆனால் அக்கொண்ட்ரோபிளேசியாவில் தொடை எலும்பின் குறுக்கம் பெரும்பாலும் 24 வாரத்துக்குப் பின்னரே தெரியவருவதால், 20ஆம் வார ஸ்கேன் சரியாக இருந்தது என்பது உத்தரவாதம் ஆகாது. தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்புக்குச் சட்டம் இடந்தராத நமது நாட்டில், இந்தத் தகவலின் பயன் பிரசவத்தை எங்கே, யார் முன்னிலையில் நடத்துவது என்பதைத் திட்டமிடுவதில் இருக்கிறது.

குழந்தை இறந்து பிறந்தால், அல்லது பிறந்த சில மணிநேரத்தில் இறந்தால், அந்தத் துயரத்தின் நடுவே படம் எடுக்கலாமா என்று கேட்க நமக்கு நா எழுவதில்லை. கேட்க வேண்டும் என்றே சொல்வேன். இந்த ஒரு நிலையில் மட்டும், குழந்தையின் முழு உடம்பையும் முன்னாலும் பக்கவாட்டிலுமாக இரண்டு படங்களில் எடுப்பது ஏற்கத்தக்கது. பெற்றோரின் சம்மதத்தோடு, சிறிதளவு இரத்தத்தையோ தோலையோ மரபணுப் பரிசோதனைக்கு எடுத்து வைப்பதும் நல்லது. அடக்கம் அன்றே நடக்க வேண்டிய குடும்பங்களில், எக்ஸ்ரே பகுதியில் முன்கூட்டியே சொல்லி வைத்துச் சிறிது நேரத்தில் உடலை மரியாதையோடு திருப்பிக் கொடுத்துவிட முடியும். அடுத்த கர்ப்பத்தில் அந்தத் தாய் கேட்கப்போகும் கேள்விக்கு அந்த இரண்டு படங்களைத் தவிர வேறு விடை இல்லாமல் போகலாம்.

அனுப்புவதும் பேணுவதும்

கொழும்பு இங்கிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர். இரவு ரயிலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ, கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவுக்கோ செல்லும் குடும்பத்தின் பயணம் வீணாகாமல் இருக்க, நமது கடிதம் சரியாக இருக்க வேண்டும். "குள்ளமான பிள்ளை, தயவுசெய்து பார்க்கவும்" என்ற ஒரு வரி எவருக்கும் உதவாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "வயது 4. பெற்றோர் மச்சான் மச்சாள். மேற்பகுதி கீழ்ப்பகுதி விகிதம் 1.0, உடம்பு குறுகியுள்ளது. முள்ளெலும்புகள் தட்டையாகி நடுவில் முன்னோக்கி நீண்டுள்ளன; தொடை எலும்பின் தலைகள் சிறியவை; மண்டையோடு வழமையானது." பெயரே இல்லாத இந்தக் கடிதம், பாதி நோயறிதலாகிவிடும்.

இலக்கமுறைப் படங்களாயின் இறுவட்டில் பதிந்து கொடுங்கள். பிலிமைத்தான் கைத்தொலைபேசியில் பிடித்து அனுப்ப வேண்டும் என்றால், யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்காதீர்கள். பின்னாலுள்ள மரமும் சுவரும் படத்துக்குள் வந்துவிடும். வெளிச்சப் பெட்டியிலோ, வெள்ளைத் திரை காட்டும் கணினியிலோ ஒட்டி, அறை விளக்கை அணைத்து, பிளாஷ் இல்லாமல், நான்கு மூலைகளும் தெரிய நேராகப் பிடியுங்கள். பிள்ளையின் பெயரை மறையுங்கள். வயதையும் இடது வலதுக் குறியையும் மறைக்காதீர்கள்.

பெற்றோரிடம் நான் கேட்பது, எந்தப் பழைய படத்தையும் எறிய வேண்டாம் என்பதுதான். சுருட்டி இறப்பர் வளையம் போடுவதால் பிலிம் வெடிக்கும். நமது கடற்காற்றின் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இரண்டு பிலிம்களுக்கு நடுவே வெறும் தாள் ஒன்றை வைத்து, உறையின் மேல் திகதியையும் பிள்ளையின் அன்றைய வயதையும் எழுதி, அலுமாரியில் நிமிர்த்தி வையுங்கள். அந்த மூதூர்ச் சிறுமியின் தாய், அடுத்த கிளினிக்குக்கு வந்தபோது கடைப்பை ஒன்றுக்குள் இருந்து இன்னொரு படத்தை எடுத்துத் தந்தார். 5 வயதில் வேறோர் இடத்தில் எடுத்த உள்ளங்கைப் படம் அது. விரல் எலும்புகளின் முனைகள் அப்போதே அகன்றிருந்தன. அதனோடு இருந்த குறிப்பில் "மூட்டுகளில் சேதம் இல்லை" என்று மட்டும் எழுதப்பட்டிருந்தது.